வானத்தைப் படித்த தமிழரும் நமது அடுப்புப் புகையும்

2022 டிசம்பர் 9 ஆம் திகதி இலங்கையின் பாடசாலைகள் மூடப்பட்டமை வாசகர்களுக்கு நினைவிருக்கும். அன்று ஊரடங்கு இல்லை; வேலைநிறுத்தம் இல்லை. சுவாசிக்கும் காற்று கெட்டுப்போய்விட்டது என்பதே சொல்லப்பட்ட காரணம். வங்காள விரிகுடாவில் உருவான மாண்டஸ் புயல் தமிழகக் கரையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த வேளையில், இந்தியப் பெருநிலத்தின் மாசடைந்த காற்று இழுபட்டு வந்து இத்தீவின் மேல் கவிந்தது. அதே நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் வீசிய குளிர்காற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. நமது பத்திரிகைகளில் புயல் ஒரு செய்தியாகவும், பாடசாலை விடுமுறை இன்னொரு செய்தியாகவும், மாடுகளின் சாவு மூன்றாவது செய்தியாகவும் வெளிவந்தன. மூன்றையும் ஒன்றாக வைத்து, இது ஒரே வானத்தின் கதை என்று எடுத்துரைத்தவர்கள் மிகச் சிலரே.

எல்லை கடந்து வரும் இந்தப் புகைமூட்டம் எவ்வாறு உருவாகிறது, எவ்வழியே பயணிக்கிறது, வெயிலையும் மழையையும் என்ன செய்கிறது என்பதை அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே அளந்து சொன்ன ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர் தமிழர். பேராசிரியர் வீரபத்திரன் இராமநாதன் என்பது அவர் பெயர். உலகின் முன்னணி வளிமண்டல விஞ்ஞானிகளுள் ஒருவர். அவருக்கு விருது கிடைத்த வேளைகளில் 'தமிழர் சாதனை' என்ற தலைப்பில் நாலு வரி போட்டு நாம் பெருமைப்பட்டிருக்கிறோம். அவர் என்ன சொன்னார் என்பதில் நாம் காட்டிய அக்கறை அந்தப் பெருமையில் பாதியளவு கூட இல்லை. இக்கட்டுரை அந்த மறுபாதியைப் பற்றியது.

1944 இல் சென்னையில் பிறந்த இராமநாதன், தொடக்கக் கல்வியைத் தமிழில் கற்றவர். பதினொரு வயதளவில் குடும்பம் பெங்களூருக்குப் பெயர்ந்தது. அங்கே வகுப்புகள் ஆங்கிலத்தில் நடந்தன. முன்வரிசையில் இருந்த மாணவன் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டான். ஆசிரியர் சொல்வது விளங்காத நிலையில், எதையும் தானே யோசித்து அறிந்துகொள்ளும் பழக்கம் அப்போதுதான் தனக்கு வந்தது என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்று 1965 இல் பட்டம் பெற்றார். குளிர்சாதனத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்கமர்ந்து, குளிரூட்டும் வாயு ஏன் கசிகிறது என்பதைக் கண்டறியும் பணியில் சில காலம் ஈடுபட்டார். பின்னர் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவகத்தில் முதுகலைப் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றார். பொறியியலாளராக வேண்டும் என்ற எண்ணத்தோடு சென்றவரை, நியூயோர்க் மாநிலத்து ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் அவருக்கு வாய்த்த வழிகாட்டி கோள்களின் வளிமண்டலத்தை ஆராயும் பக்கம் திருப்பிவிட்டார். 1974 இல் கலாநிதிப் பட்டம் கிடைத்தது.

அதற்கு அடுத்த ஆண்டில் நிகழ்ந்ததுதான் முதலாவது திருப்பம். குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோபுளோரோகாபன் என்னும் வாயு ஓசோன் படையை அரிக்கக்கூடியது என்று 1974 இல் மொலினா, ரோலண்ட் ஆகிய இரு விஞ்ஞானிகள் எச்சரித்திருந்தனர். ஒரு காலத்தில் தொழிற்சாலையில் தான் துரத்திய அதே வாயுவை இராமநாதன் வேறொரு கோணத்தில் நோக்கினார். அது வெப்பத்தைப் பிடித்துவைக்குமா என்று கணித்தார். அதன் ஒரு மூலக்கூறு, காபனீரொட்சைட்டின் ஒரு மூலக்கூறைவிடப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைத் தடுத்துவைக்கும் என்பது கணக்கின் முடிவு. 1975 இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் தனியொருவராக அவர் எழுதிய சிறிய கட்டுரையில் இது வெளியானது. அப்போது அவருக்கு வயது முப்பது. புவி வெப்பமடைதல் என்றால் காபனீரொட்சைட்டு மட்டுமே என்று இருந்த கருத்து அதன்பின் மாறத் தொடங்கியது. 1985 இல் அவரும் சக ஆய்வாளர்களும் எழுதிய இன்னொரு கட்டுரை, மெதேன் உள்ளிட்ட ஏனைய வாயுக்கள் எல்லாம் சேர்ந்து காபனீரொட்சைட்டுக்கு நிகரான வெப்பத்தை எதிர்காலத்தில் உண்டாக்கக்கூடும் என்று காட்டியது.

1980 இல் ரோலண்ட் மேடன் என்பவருடன் சேர்ந்து அவர் இன்னொன்றும் சொன்னார். வாயுக்களால் ஏற்படும் வெப்ப உயர்வு 2000 ஆம் ஆண்டளவில் இயற்கையான ஏற்ற இறக்கங்களைத் தாண்டித் தெளிவாகப் புலப்படும் என்பதே அது. ஐக்கிய நாடுகளின் காலநிலைக் குழு, கடந்த ஐம்பது ஆண்டு வெப்ப உயர்வில் பெரும்பகுதிக்கு மனிதன் வெளியிட்ட வாயுக்களே காரணமாக இருக்கக்கூடும் என்று 2001 இல் அறிவித்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் நாள் குறித்துச் சொல்லி, அந்த நாளில் அது நடந்தமை விஞ்ஞானத்தில் அடிக்கடி காணக்கிடைப்பதன்று.

இதுவரை சொன்னவை ஓர் ஆய்வாளனின் வெற்றிகள். தலைமைத்துவம் என்பது வேறு. அதற்கான சோதனை அவருக்குத் தொண்ணூறுகளில் வந்தது.

ஓசோன் ஆய்வுக்காக 1995 இல் நோபல் பரிசு பெற்ற போல் குருட்சனும் இராமநாதனும் இணைந்து தலைமையேற்று, 1999 ஜனவரி முதல் மார்ச் வரை இந்து சமுத்திரத்தின் மேல் ஒரு பெரும் பரிசோதனையை நடத்தினர். 'இண்டோயெக்ஸ்' என்பது அதன் சுருக்கப் பெயர். அமெரிக்கா, ஐரோப்பா, இந்தியா ஆகியவற்றைச் சேர்ந்த இருநூறுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள், விமானங்கள், கப்பல்கள், செய்மதிகள் எல்லாம் அதில் பங்குகொண்டன. நமக்கு அயலிலுள்ள மாலைதீவே அதன் தளம். அங்கு காசிதூ என்னும் தீவில் ஓர் அவதான நிலையமும் நிறுவப்பட்டது. கண்ணுக்கு எட்டிய மட்டும் தொழிற்சாலையே இல்லாத நீலக் கடலின் மேல், ஏறத்தாழ ஒரு கோடி சதுர கிலோமீற்றர் பரப்பில், மூன்று கிலோமீற்றர் உயரம் வரை பழுப்பு நிறப் புகைமூட்டம் விரிந்து கிடப்பதை அவர்கள் கண்டார்கள்.

இது எப்படி நேர்கிறது என்பதை எளிமையாகச் சொல்லலாம். மாரியில் காற்று ஆசிய நிலப்பரப்பிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. இந்தியப் பெருநிலத்தில் அது மழை குறைந்த காலம். வாகனங்களின் டீசல் புகை, நிலக்கரிப் புகை, விறகும் வறட்டியும் எரியும் அடுப்புகளின் புகை, வயலில் எரியும் வைக்கோலின் புகை ஆகியவற்றைக் கழுவி இறக்குவதற்கு மழை இல்லாமையால், நுண்துகள்கள் நாட்கணக்கில் மிதந்து தெற்கே வருகின்றன. அவற்றுள் சில சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. புகைக்கரி எனப்படும் கறுப்புக் காபனோ ஒளியை விழுங்கிக் காற்றைச் சூடாக்குகிறது. மேலே காற்று சூடேற, கீழே நிலத்துக்கும் கடலுக்கும் வந்துசேரும் வெயில் குறைகிறது. வெயில் குறைந்தால் கடலிலிருந்து எழும் நீராவி குறையும். நீராவி குறைந்தால் மழை குறையக்கூடும். இராமநாதன் குழுவினரின் 2005 ஆம் ஆண்டு ஆய்வு, தெற்காசியக் கோடை மழையை இப்புகைமூட்டம் பலவீனப்படுத்துகிறது என்று கணித்தது. இம்மூட்டமும் பச்சைவீட்டு வாயுக்களும் சேர்ந்து இந்தியாவின் நெல் விளைச்சலைக் குறைத்துள்ளன என்று 2006 இல் அவர் பங்குகொண்ட இன்னோர் ஆய்வு காட்டியது.

2002 இல் ஐக்கிய நாடுகளின் சூழல் நிகழ்ச்சித்திட்டம் இக்கண்டுபிடிப்புகளை 'ஆசியப் பழுப்பு மேகம்' என்ற பெயரில் அறிக்கையாக வெளியிட்டபோது இந்தியாவில் எதிர்ப்புக் கிளம்பியது. செல்வந்த நாடுகள் நூற்றைம்பது ஆண்டுகளாக வானத்தை நிரப்பிவிட்டு, இப்போது ஏழையின் அடுப்பைக் குற்றஞ்சாட்டுகின்றன என்பது ஒரு வாதம். விஞ்ஞான ரீதியான மறுப்பும் வந்தது. இராமநாதன் கற்ற அதே இந்திய விஞ்ஞான நிறுவகத்தின் சீனிவாசன், சுலோசனா காட்கில் ஆகிய இருவரும், மழையைப் பற்றிய முடிவுகள் போதிய ஆதாரமின்றிப் பெருப்பித்துச் சொல்லப்படுகின்றன என்று 'கரண்ட் சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதினர். இராமநாதன் தரப்பும் பதிலிறுத்தது. இறுதியில் 'ஆசிய' என்ற சொல் போய், 'வளிமண்டலப் பழுப்பு மேகம்' என்று பெயர் மாறிற்று. வேறு கண்டங்களிலும் இத்தகைய மூட்டங்கள் உண்டு என்பதும் உண்மையே.

இந்த விவாதத்தில் யார் பக்கம் நியாயம் இருந்தது? என் அபிப்பிராயத்தில் இரு பக்கமும் இருந்தது. மழையைப் பற்றிய கணிப்பில் ஐயம் எழுப்பியவர்கள் விஞ்ஞானத்தின் கடமையைச் செய்தார்கள். செல்வந்த நாடுகளின் பொறுப்பை நினைவூட்டியவர்கள் சொன்னதும் பொய்யன்று. ஆனால் தன் சொந்த மண்ணுக்குக் கசக்கும் என்று தெரிந்தும் அளந்ததை அளந்தபடி சொன்னாரே, அதை நான் பெரிதென மதிக்கிறேன். புகழ் பெற்ற புலம்பெயர்ந்த விஞ்ஞானி ஒருவர் தாயகத்தைப் பாராட்டிப் பேசிப் பொன்னாடை பெற்றுத் திரும்புவது எளிது. அவர் அதைச் செய்யவில்லை. அதேவேளை, மேற்குலகுக்குச் சொல்லவேண்டியதையும் அவர் மறைக்கவில்லை. உலகின் மாசில் பெரும்பகுதி செல்வந்தர்களான நூறு கோடிப் பேரிடமிருந்து வருகிறது, அதன் துயரை மிக வறிய முந்நூறு கோடிப் பேர் சுமக்கப்போகிறார்கள் என்பது அவர் பல மேடைகளில் திரும்பத் திரும்பச் சொன்ன கணக்கு.

அந்தக் கணக்கு சென்றுசேர்ந்த இடங்களில் ஒன்று வத்திக்கான். 2004 இல் பாப்பரசரின் விஞ்ஞானக் கழகத்துக்கு இராமநாதன் தெரிவுசெய்யப்பட்டார். 2014 இல் அங்கு நடந்த மாநாடொன்றின் போது, வாகனத் தரிப்பிடத்தில் பாப்பரசர் பிரான்சிஸ் அவர்களிடம் ஓரிரு வாக்கியங்களில் பேசும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. இதே கணக்கைத்தான் அங்கும் சொன்னார். மறு ஆண்டு சுற்றுச்சூழல் பற்றிய 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடல் வெளிவந்தது. அந்த இரு வாக்கியங்களால்தான் சுற்றுமடல் பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குப் பின்னால் பலரின் உழைப்பு உண்டு. எனினும், கத்தோலிக்கர் அல்லாத ஒரு தமிழர் அங்கு ஏழைகளின் வழக்கை எடுத்துரைத்தார் என்பது, திருச்சிலுவை ஆலயத்தைச் சுற்றி வாழும் சொறிக்கல்முனை மக்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி. 2015 இல் பாரிஸ் காலநிலை மாநாட்டுக்குச் சென்ற வத்திக்கான் தூதுக்குழுவிலும் அவர் இடம்பெற்றார்.

இனி நமது வீட்டுக்கு வருவோம்.

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் வீடுகளில் பெரும்பாலானவை விறகிலேயே சமைத்தன. பின்னர் எரிவாயு பரவியது. ஆனால் 2022 இல் எரிவாயுத் தட்டுப்பாடு வந்தபோது, பட்டணத்து மாடிவீடுகளிலும் விறகடுப்பு மீண்டும் புகைந்ததை நாம் அனைவரும் கண்டோம். நமது பகுதியில் அறுவடை முடிந்ததும் வயல்களில் வைக்கோல் எரிகிறது. நெல் ஆலைகளின் உமிப் புகை இருக்கிறது. குப்பைக்கு வைக்கும் தீ இருக்கிறது. கல்முனை, சம்மாந்துறை, நாவிதன்வெளி என்று பிரதேச செயலகங்களின் எல்லைகளுக்காக நாம் ஆண்டுக்கணக்கில் வாதாடுகிறோம். தமிழ்க் கிராமத்து வயலின் புகை முஸ்லிம் கிராமத்துக்கும், முஸ்லிம் கிராமத்து ஆலையின் புகை தமிழ்க் கிராமத்துக்கும் எவருடைய அனுமதியையும் கேளாமல் போய் வருகிறது.

'இந்தியாவின் புகையோடு ஒப்பிட்டால் நம்முடையது எம்மாத்திரம்?' என்று ஒரு வாசகர் கேட்கக்கூடும். காலநிலையை மட்டும் கருத்தில் கொண்டால் அது சரியே. நமது அடுப்புகளை எல்லாம் அணைத்துவிட்டாலும் உலகின் வெப்பம் அதனால் கண்ணுக்குத் தெரிய மாறிவிடப் போவதில்லை. ஆனால் அடுப்படியில் குனிந்து ஊதுபவளின் நெஞ்சு உலகக் கணக்கில் அடங்காது. புகை அவளுக்கு இருமலாகவும் இளைப்பாகவும் இன்றே வந்துசேருகிறது. தன் பாட்டி விறகடுப்பின் முன் இருமியதை இராமநாதன் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த நினைவின் தொடர்ச்சியாகவே 2009 இல் 'சூரியா' என்ற திட்டத்தை வட இந்தியக் கிராமமொன்றில் தொடங்கினார். மண்ணடுப்புக்குப் பதிலாகப் புகை குறைந்த அடுப்புகளைக் கொடுத்து, புகைக்கரி எவ்வளவு குறைகிறது என்று அளப்பது அதன் நோக்கம்.

அத்திட்டம் முழு வெற்றி பெறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். புதிய அடுப்புகளில் பல, ஆய்வுகூடத்தில் காட்டிய திறமையை அடுக்களையில் காட்டவில்லை. பழுதடைந்தால் திருத்த ஆளில்லை. பெண்கள் பழைய அடுப்புக்குத் திரும்பினர். அவர்கள்மீது குறை காண எனக்கு மனமில்லை. கைக்குப் பழகிய அடுப்பை விட்டு வருபவளுக்குக் கிடைப்பது அதைவிட நல்லதாகவும், பழுதானால் அதே வாரத்தில் திருத்தக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இதற்கான செலவை அவள் தலையில் கட்டுவது அநியாயம். அரசும், இத்தனை காலம் வானத்தை நிரப்பிய நாடுகளும் ஏற்க வேண்டிய செலவு அது. கறுப்புக் காபன் காற்றில் தங்குவது சில நாட்கள் முதல் ஓரிரு வாரங்கள் வரைதான். காபனீரொட்சைட்டோ நூற்றாண்டுகளுக்கு நிலைக்கும். எனவே புகையைக் குறைத்தால் அதன் பயனைக் குறைத்தவரே கண்ணால் காணலாம். குறுகிய கால மாசுகளை முதலில் பிடியுங்கள் என்று இராமநாதன் வற்புறுத்தியமைக்கு இதுவே காரணம். குளிர்சாதனங்களில் பயன்படும் ஹைட்ரோபுளோரோகாபன்களைக் குறைக்க 2016 இல் கிகாலியில் எட்டப்பட்ட உடன்பாடும் இந்தச் சிந்தனை வழியில் வந்ததே.

என் முக்கியமான கவலை இன்னொன்று. இராமநாதனின் ஆய்வுகள் தென்மேல் பருவமழையைப் பற்றியே அதிகம் பேசுகின்றன. நமது பெரும்போகமோ வடகீழ்ப் பருவமழையை நம்பியிருக்கிறது. அவருடைய முடிவுகளை அப்படியே எடுத்து நமது வயலில் நடமுடியாது. அப்படியானால் அம்பாறைக் கரையோரத்தின் மழைக்குப் புகை என்ன செய்கிறது என்ற கேள்வியை யார் கேட்பது? கலிபோர்னியாவிலிருந்து ஒருவர் வந்து கேட்கும்வரை காத்திருக்க முடியாது. ஒலுவிலைத் தலைமையிடமாகக் கொண்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலேயே இருக்கிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கேட்பதற்கு இடம் உண்டு. கேட்க வருவோர் வேண்டும்.

வானிலையால் அடிபட்ட பிரதேசம் நம்முடையது. 1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவு வீசிய சூறாவளியை வைத்து வயதும் திருமணமும் கணக்கிடும் பெரியவர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர். 2004 டிசம்பரில் கடலே எழுந்து வந்தது. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் நாட்டை உலுக்கிச் சென்றது. இத்தனைக்குப் பின்னரும், உயர்தரத்தில் கணிதமும் பௌதிகவியலும் கற்கும் நமது பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர் என்பார்கள். வளிமண்டல விஞ்ஞானம் என்று ஒரு துறை இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரியாமைக்குப் பிள்ளைகள் பொறுப்பல்லர். பாடசாலையில் நாம் சொல்லவில்லை. பத்திரிகையில் நாம் எழுதவில்லை. காலநிலைச் செய்தி என்றால் பக்கத்தின் மூலையில் மிஞ்சிய இடத்தை நிரப்பப் பயன்படும் சரக்காகவே செய்தி அறைகளில் நீண்ட காலம் கருதப்பட்டு வந்தது. முப்பது ஆண்டுகளாக இத்தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

'தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளைக்கு உலக விஞ்ஞானம் எட்டுமா?' என்று ஐயுறும் பெற்றோருக்கு இராமநாதனின் பெங்களூர்ப் பருவத்தைச் சொல்வேன். ஆங்கிலம் அவரைப் பின்வரிசையில் இருத்தியது உண்மை. அது துன்பமானதும் கூட. ஆனால் அதற்கு முன் தமிழில் பெற்ற அடிப்படை அவரைக் கைவிடவில்லை. ஆங்கிலத்தையும் பின்னர் வசப்படுத்திக்கொண்டார். இரண்டும் வேண்டும். ஒன்றுக்காக மற்றதை விடவேண்டியதில்லை.

2018 இல் ஜேம்ஸ் ஹான்சனுடன் அவருக்குத் தைவானின் தாங் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அதற்கு முன்னரும் பல பரிசுகள். அவற்றின் பட்டியலை இங்கு தரப்போவதில்லை. அடுத்த முறை அவர் பெயர் செய்தியில் வரும்போது, இலங்கைத் தமிழ்ப் பத்திரிகை நண்பர்கள் 'தமிழர்' என்ற சொல்லோடு நின்றுவிடாமல், அவர் அளந்தது என்ன என்பதற்கும் அரைப் பக்கம் ஒதுக்க வேண்டும். சம்மாந்துறையிலும் வந்தாறுமூலையிலும் உள்ள விரிவுரையாளர்கள், நமது மழையையும் நமது புகையையும் சேர்த்து ஆராயும் ஒரு மாணவர் குழுவையேனும் உருவாக்க வேண்டும். அவர்கள் காணும் முடிவு விவசாயிகளுக்கும் ஆலை உரிமையாளர்களுக்கும் நமக்கும் கசப்பாகவே அமையலாம். அப்போதும் அளந்ததை அளந்தபடி சொல்லும் துணிவு அவர்களுக்கு வேண்டும். அதைக் கேட்டுக்கொள்ளும் பொறுமை நமக்கு வேண்டும். இது பற்றி ஆசிரியர்களும் விவசாயிகளும் என்ன நினைக்கிறார்கள் என்பதை அறிய ஆவலாயிருக்கிறேன்.